பாதுகாவலர் நிரப்ப வேண்டிய வரி

குவாந்தான்
14 நவம்பர் 1984

அன்புள்ள அண்ணே,

இதை நீ மட்டும் படி. அம்மாவுக்கு வாசிக்கும்போது, நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், இங்கே மழை விடவில்லை, விடுதியில் புதுப் பாய் கொடுத்தார்கள் என்று ஏதாவது சொல்லிவிடு. எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு நீ சேர்த்தும் விட்டும் வாசிப்பது இன்று நேற்றா நடக்கிறது?

வலது தோள் வலிக்கிறது. மூன்று வாரமாயிற்று. கை தண்ணீருக்குள் இறங்கி இழுக்கத் தொடங்குகிற இடத்தில், தோளின் முன்பக்கம், உள்ளே ஊசி குத்துகிறது. முதலில் நீந்தி முடித்த பிறகுதான் வலித்தது. இப்போது நீந்தும்போதே வலிக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

நீச்சல் மாஸ்டர் வீரப்பன் இந்த மாதம் எங்கள் உள்ளங்கையில் பலகை கட்டிவிட்டார். கையை விட அகலமான பலகை. தண்ணீர் கனமாகும், பலம் ஏறும் என்கிறார். அதைக் கட்டிக்கொண்டு காலையில் மூவாயிரம் மீட்டர், மாலையில் மூவாயிரம்.

அவரிடம் சொல்ல முடியாது. போன வருஷம் ஒருத்தி முழங்கால் வலி என்றாள். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா" என்று அன்றே பஸ் ஏற்றிவிட்டார். அவள் திரும்பி வரவில்லை. மே பதினொன்றாம் தேதி மாநில அணிக்குத் தேர்வு. நூறு மீட்டருக்கு ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். அது நானா, என் அறையிலேயே படுக்கிற வேலம்மாவா என்பதுதான் பேச்சு. போன மாதம் நான் ஒரு நிமிஷம் ஏழே முக்கால் வினாடி. அவள் எனக்கு இரண்டு வினாடி பின்னால்.

அம்மா துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தபோது, துரை பிள்ளைகளோடு பங்களாக் குளத்து ஐஸ் தண்ணீரில் நடுங்கி நடுங்கிக் கற்ற நீச்சல் அண்ணே இது. இதுவும் போனால் நான் மலைக்குத் திரும்பி உன் பக்கத்தில் நின்று தேயிலைக் கொழுந்து வெட்ட வேண்டியதுதான்.

தானா ராத்தா மருந்துக் கடையில் சுளுக்குக்கு ஒரு பச்சை எண்ணெய் விற்பார்களே, ஒரு புட்டி வாங்கி அனுப்பு.

உன் தங்கை,
அம்சவல்லி

*

குனோங் எம்புன் தோட்டம்
27 நவம்பர் 1984

அம்சா,

"நீ மட்டும் படி" என்று எழுதியிருந்தாய். படித்தவர் கோயில் பூசாரி.

கடிதம் வந்த அன்று நான் மேல் மலையில் கொழுந்து வெட்டும் கத்தரியோடு நின்றேன். தபால் பிரிக்கும் ஆபீஸ் கிராணி அதை அம்மா கையில் கொடுத்துவிட்டார். நான் வரும்வரை அம்மாவுக்குப் பொறுக்குமா? நேரே கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் நீட்டியிருக்கிறாள். அவர் மந்திரம் சொல்லும் குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்திருக்கிறார், நான் சேர்த்தும் விட்டும் வாசிக்கிற விஷயம் உட்பட. அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை நீயே நினைத்துக்கொள்.

அதோடு முடியவில்லை. அம்மா அங்கேயே சூடம் ஏற்றச் சொல்லி வேண்டிக்கொண்டாள். "எம் பிள்ளைக்குத் தோளு சரியாப் போச்சுன்னா, பங்குனி உத்திரத்துக்கு அவளே பால் காவடி எடுப்பா முருகா. தோளுல வந்தத தோளாலயே தீர்ப்பா." லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் உன் தோளை விசாரிக்கிறார்கள்.

வலிக்குப் பயப்படாதே. கத்தரி பிடித்த புதிதில் எனக்கும் இதே தோள்தான். காலையிலிருந்து இரண்டு கையையும் விரித்து விரித்து மூடினால் வலிக்காமல் என்ன செய்யும்? நான் விட்டேனா? வேலை செய்தே வலியை முறித்தேன். நீயும் நிறுத்தாதே, நிறுத்தினால் இறுகிப்போகும்.

எண்ணெய் இதோடு வருகிறது.

அண்ணன்,
இருளப்பன்

*

குவாந்தான்
9 ஜனவரி 1985

அண்ணே,

நீ சொன்னபடி முறித்துப் பார்த்தேன். வருஷப் பிறப்பன்று கோப்பித் தம்ளரைத் தூக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோ வேலை பார்க்கும் சீனப் பெண், மிஸ் லிம், என்னைக் கண்ணாடி முன் நிறுத்திக் காற்றில் நீந்தச் சொன்னாள். பார்த்துவிட்டு, "யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று மலாயில் கேட்டாள். என் கை தண்ணீரில் இறங்கும்போது மூக்குக்கு நேரான கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறதாம். மூச்சுக்கு எப்போதும் வலது பக்கமே திரும்புவதால் பாரம் ஒரே தோளில் விழுகிறதாம். தோளுக்குள் ஓர் எலும்புக்கு அடியில் சின்னத் தசை ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் அது நசுங்குகிறது. மாஸ்டரின் பலகை அந்த நசுக்கலை இரட்டிப்பாக்குகிறது.

ஆறு வாரம் கை போடாமல் காலால் மட்டும் நீந்த வேண்டும் என்றாள். சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மெதுவாக வெளியே இழுத்து மெதுவாக விடவேண்டும். வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். நீ சொன்னதற்கு நேர் எதிர்.

ஆறு வாரம் கை போடாவிட்டால் மாஸ்டர் கேட்க மாட்டாரா? அதனால் குளியலறையில் ரகசியமாக டியூப் இழுக்கிறேன், வெளியே வந்து பலகை கட்டி நீந்துகிறேன். "மருந்தும் குடிச்சு விஷமும் குடிச்சா எப்படி?" என்றாள் மிஸ் லிம்.

காவடி விஷயம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. என்னைக் கேட்காமல் என் தோளுக்கு வேண்டிக்கொள்ள அம்மாவுக்கு யார் சொன்னது? உனக்காவது தடுக்கத் தோன்றவில்லையா?

அம்சா

*

குனோங் எம்புன் தோட்டம்
2 பிப்ரவரி 1985

அம்சா,

பட்டறையில் கேட்டு, மோட்டார் டியூப் வெட்டி அனுப்பியிருக்கிறேன். சைக்கிள் டியூபை விடக் கனம்.

அம்மாவைத் தடுத்திருக்க வேண்டும் என்கிறாய். நான் மலையில் நின்றேன் என்று எழுதினேனே, படித்தாயா? அம்மா தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள். "தோளு எப்படி இருக்குன்னு எழுதினாளா?" பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு வரி எழுது.

இருளப்பன்

*

குவாந்தான்
24 பிப்ரவரி 1985

அன்புள்ள அண்ணே,

தோள் குணமாகிவிட்டது. வலி துளியும் இல்லை. அம்மாவிடம் சொல், இனிக் கவலைப்பட வேண்டாம்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மாநிலத் தேர்வில் கலந்துகொள்ளப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லாததால் நீதான் போட வேண்டும். "உடல்நிலை" என்று ஒரு வரி இருக்கும். அதில் பூரண நலம் என்று எழுதி ஏப்ரல் இருபதுக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு.

அம்சா

*

குனோங் எம்புன் தோட்டம்
5 மார்ச் 1985

அம்சா,

நீ எழுதிய இரண்டு வரியை அம்மா என்னை ஏழு தரம் வாசிக்கவைத்தாள். எதையும் சேர்க்கவில்லை, விடவும் இல்லை. அம்மா அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், வேறென்ன?

மறுநாளே விரதம் ஆரம்பித்துவிட்டாள். ஒரு வேளைச் சாப்பாடுதான். மரக்காவடி செய்யச் சொல்லியாயிற்று. பூசாரி உன் பெயரை முதல் காவடியாக வைத்திருக்கிறார். ஆற்றில் குளித்து அங்கிருந்து கோயில் வரை இரண்டு மைல் மேட்டில் எடுத்துவர வேண்டும். பங்குனி உத்திரம் ஏப்ரல் நாலாம் தேதி. இரண்டு நாள் முன்னதாக வந்துவிடு. மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு நான் வந்து பஸ்ஸில் கூட்டிவருகிறேன்.

படிவம் பத்திரமாக இருக்கிறது. வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அண்ணன்

*

குவாந்தான்
14 மார்ச் 1985

அண்ணே,

என்னால் வர முடியாது.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மூன்று நாள் லீவு கேட்டால் மாஸ்டர் என்னைப் பார்க்கும் விதமே வேறாகிவிடும். குணமான தோள் மேல் மரத்தை வைத்து மேட்டில் ஏறச் சொல்வது எந்த ஊர் நியாயம்? முருகன் சரியாக்கியதை நாமே கெடுப்பதா? பால்குடமாக மாற்றச் சொல், தலையில் எடுக்கிறேன், அதுவும் தேர்வு முடிந்த பிறகு. அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பெயரில் நீ எடு. தங்கச்சிக்காக அண்ணன் காவடி எடுப்பது நம் தோட்டத்தில் நடக்காததா?

படிவத்தை உடனே அனுப்பு.

அம்சா

*

குனோங் எம்புன் தோட்டம்
21 மார்ச் 1985

அம்சவல்லிக்கு,

பூசாரியிடம் கேட்டேன். "வாயால காவடின்னு சொல்லியாச்சு லா, இப்ப வந்து குடம்னா சாமி என்ன நெனைக்கும்?" என்கிறார். உத்திர நாளையும் மாற்ற முடியாது.

நான் எடுக்க முடியாது. காரணம் கேட்காதே.

அம்மா பதினாறு நாளாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். அதோடு மலைக்கும் போகிறாள். நேற்று கூடையை இறக்கும்போது தள்ளாடிவிட்டாள். கங்காணி பிடித்து உட்காரவைத்தார். "எம் பிள்ள வர்ற வரைக்கும்தான்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். நீயோ லீவு கேட்கக் கூச்சப்படுகிறாய். வலி துளியும் இல்லை என்று எழுதியது நீதானே? துளியும் இல்லாத தோளுக்கு இரண்டு மைல் என்ன பெரிய மைல்? ஒரு நாளைக்கு ஆறாயிரம் மீட்டர் நீந்துகிறவள் நீ.

நேராகச் சொல்கிறேன். நாலாம் தேதி காவடி எடுத்தால் ஐந்தாம் தேதி கையெழுத்து. வராவிட்டால் படிவம் என் பெட்டியிலேயே கிடக்கும். பெற்றவள் வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு நீ எந்த அணியில் நீந்தினால் எனக்கென்ன?

இருளப்பன்

*

குவாந்தான்
27 மார்ச் 1985

அண்ணே,

தோள் குணமாகவில்லை.

பிப்ரவரியில் நான் எழுதியது பொய். அம்மா தினமும் கேட்கிறாள் என்று நீ எழுதியதும், வாயை மூடினால் போதும் என்று அப்படி எழுதிவிட்டேன். வேண்டுதல் அப்போது என் நினைவிலேயே இல்லை. இதை நீ நம்ப மாட்டாய், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

டவுனில் ஒரு கிளினிக்கில் தோளுக்குள் ஊசி போடுகிறார்கள். ஜனவரியிலிருந்து மூன்று போட்டுவிட்டேன். போட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் வேலம்மாவைத் தோற்கடிப்பேன். பிறகு முன்னைவிட மோசமாகிவிடும். மிஸ் லிம்மிடம் சொன்னதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வலி உன்னைக் காப்பாத்த வந்தது. நீ அது வாயைக் கட்டிட்டு நீந்துற. இன்னும் ஒரு ஊசி போட்டு அந்தத் தசை அறுந்தா, நான் தைக்கிற ஆள் இல்ல" என்றாள்.

இப்போது என் நிலைமையைப் பார். குணமாகிவிட்டது என்றால் காவடி எடுக்க வேண்டும். எடுத்தால் பாதி மேட்டில் கை விட்டுவிடும், பால் தரையில் கொட்டும், ஊரே பார்க்கும். குணமாகவில்லை என்றால் காவடி வேண்டாம், ஆனால் படிவத்தில் நீ எப்படிப் பூரண நலம் என்று எழுதுவாய்? இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு ஒன்று போகிறது.

அதனால் கெஞ்சுகிறேன். எனக்குக் காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல். படிவத்தில் கையெழுத்துப் போடு. நாலாவது ஊசியைத் தேர்வுக்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம் ஏழு வினாடி நீந்திவிடுகிறேன். அதன் பிறகு தோள் என்ன ஆனாலும் உன்னைக் கேட்க மாட்டேன்.

உனக்கு இது புரியாது. நீ வலியை முறித்தவன்.

அம்சா

*

குனோங் எம்புன் தோட்டம்
2 ஏப்ரல் 1985

அம்சா,

இதை எழுதவே மூன்று நாள் யோசித்தேன்.

நான் எதையும் முறிக்கவில்லை. நீ நவம்பரில் எழுதியபோது தம்பட்டம் அடித்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக என் வலது கை காதுக்கு மேலே போவதில்லை. சட்டையைக் கழற்ற முதலில் இடது கையை உருவி, பிறகு குனிந்து உதறித்தான் கழற்றுகிறேன். கத்தரியை வயிற்றோடு சாய்த்துப் பிடித்து வெட்டுகிறேன். கங்காணிக்குத் தெரிந்தால் கத்தரியை வாங்கிக்கொண்டு புல்லு வெட்டுகிற கூட்டத்தில் போட்டுவிடுவார். முப்பது வயதுகூட ஆகவில்லை, கிழவர்களோடு புல் வெட்டப் போகிறான் என்று பேசுவார்கள். அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. காவடியை ஏன் எடுக்க முடியாது என்று இப்போது தெரிந்ததா?

வலித்தபோது நான் கத்தரியைக் கீழே வைத்திருந்தால் இந்தக் கை பிழைத்திருக்கும். வைக்கவில்லை. அதையே உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். உன் தோள் இப்படி ஆனதில் பாதி என் எழுத்தால் ஆனது. என்னை மன்னித்துவிடு தங்கச்சி.

காய்ச்சல் என்று பொய் சொல்லவில்லை. உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசித்தேன், ஊசி உட்பட. கடைசி வரி வரை அம்மா கேட்டாள். பிறகு அடுப்பை மூட்டிச் சோறு வடித்துச் சாப்பிட்டாள். "கொணமாவலன்னா காவடி இல்ல. முருகனுக்கு என்ன அவசரம், மலையிலதானே ஒக்காந்திருக்கான். பிள்ள பொய் சொல்லிட்டாளேன்னுதான் இருக்கு" என்றாள். பூசாரியிடமும் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். லயத்தில் இரண்டு நாள் பேசுவார்கள், பேசட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உடல்நிலை என்கிற வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பூரண நலம் என்று என் கையால் எழுத முடியாது. எழுதாமல் வைத்து உன் வழியை மறிக்கவும் மனம் வரவில்லை, அது உன் தோள். நீ என்ன எழுதினாலும் கீழே என் கையெழுத்து இருக்கும்.

இருளப்பன்

*

குவாந்தான்
12 மே 1985

அன்புள்ள அண்ணே,

ஒரு மாதமாக நான் எழுதாததற்கு நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும்.

படிவம் பத்து நாள் தலையணைக்கு அடியில் கிடந்தது. இரண்டு தடவை கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பினேன். கடைசி நாள் காலையில், "வலது தோளில் ஆறு மாதமாகக் காயம், மூன்று ஊசி போட்டிருக்கிறது" என்று எழுதி மாஸ்டர் மேசையில் வைத்தேன். உன் கையெழுத்துக்கு மேலே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

அவர் படித்தார். பஸ் ஏற்றிவிடுவார் என்று துணியைக்கூட மடித்து வைத்திருந்தேன். "ஆறு மாசமா? என் கண்ணு முன்னாலயா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் மிஸ் லிம்மைப் பார்க்க அவரே போனார். திரும்பி வந்து பலகைகளை எல்லாம் எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். இப்போது தண்ணீரில் இறங்கும் முன் கால் மணி நேரம் டியூப் இழுக்க வேண்டும், எல்லாரும். மூச்சுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்ப வேண்டும். "யாருக்காவது தோள் வலி இருக்கா, இப்பவே சொல்லுங்க, யாரையும் அனுப்ப மாட்டேன்" என்று கேட்டார். எட்டுப் பேரில் மூன்று பேர் கை தூக்கினார்கள். நான் காலால் மட்டும் நீந்துகிறேன். ஆகஸ்டில் மெதுவாகக் கை போடலாம் என்கிறாள் மிஸ் லிம். அவள் ஆகஸ்ட் என்றால் அது அக்டோபர். அவள் சொல்லும் பயிற்சிகளைத் தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன், நீயும் செய். கங்காணியிடம் போய்ச் சொல்லு அண்ணே. புல் வெட்டினால் என்ன?

நேற்று தேர்வு. என்னை நாலாவது பாதைக்கு நேரம் குறிக்கச் சொல்லி மாஸ்டர் என் கையில் கடிகாரத்தைக் கொடுத்தார். அந்தப் பாதையில் வேலம்மா நீந்தினாள். ஒரு நிமிஷம் எட்டரை வினாடி. அக்டோபரில் நான் நீந்தியதை விட அதிகம். அந்த எண்ணை நானே எழுதி நீட்டினேன். அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கை தட்டினேன், பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யார் சொன்னது? எனக்கு ஆகவில்லை. அது என் இடம் அண்ணே.

சாயங்காலம் அறையில் எல்லாரும் வேலம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவள் வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெருமை பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சீப்பை என் பக்கம் தள்ளி, "தலை வாரி விடுறியா அம்சா" என்றாள். ஏன், உனக்குக் கை இல்லையா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். வலது கை மடியில் கிடந்தது. மார்புக்கு மேல் அதைத் தூக்க அவளால் முடியவில்லை. மாஸ்டர் கேட்ட அன்று கை தூக்காத ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

அதே கிளினிக், அதே ஊசி. பிப்ரவரியிலிருந்து. கடைசி ஊசியின் வேகம் தேர்வோடு தீர்ந்துவிட்டது. ஒரே அறையில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி போய்வந்திருக்கிறோம். அவள் படிவத்தில் அவள் அப்பா பூரண நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தலை வாரி, பின்னல் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் அவளை மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றேன். அவள் இடம் காலியானால் எனக்குக் கிடைக்காது, என்னால் நீந்த முடியாது, யாருக்கோ போகும். அதையும் சொன்னேன். வரமாட்டேன் என்று அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் இன்னும் தூங்கவில்லை. விடிந்ததும் அவளை எழுப்ப வேண்டும்.

உன் தங்கை,
அம்சவல்லி